கார் மாற்றுவதா, ஊர் மாற்றுவதா?

சென்ற கார்த்திகையன்று ராமகிருஷ்ணபுரம் மலை மந்திரில் தரிசனம் முடித்துக் கீழே இறங்கி வந்தேன். நாற்பது வருடப் பழக்கமுள்ள நண்பர் ஒருவர் என் காரைச் சுற்றி ஒரு பிரதட்சணம் செய்துவிட்டு, "என்ன சார், இன்னுமா இந்த வண்டி?" என்று கேட்டார். குரலில் அக்கறை இருந்தது. கூடவே, கிழிந்த சட்டையோடு கல்யாணத்துக்கு வந்தவனைப் பார்க்கிற பார்வையும் இருந்தது.

வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி என்னைச் சும்மா விடவில்லை. விசாரித்துப் பார்த்ததில், தலைநகரில் நம்மவர் வீடுகள் பலவற்றில் இப்போது இதே பேச்சுதான் என்று தெரிந்தது. பென்ஷன் வாங்குகிறவர், பையன் வெளியூரில் இருக்கிறவர், வாசலில் வயதான ஒரு நல்ல கார் நிற்கிறவர், எல்லாருக்கும் ஒரே சங்கடம். ஆகவே என் கணக்கை இங்கே விரித்து வைக்கிறேன். உடன்படாத அன்பர்கள் அடுத்த இதழில் தாராளமாக எழுதட்டும்.

முதலில் வண்டியைப் பற்றி. டொயோட்டா கேம்ரி ஹைபிரிட். பெங்களூருக்கு அருகே பிடதியில் தயாராகி 2013 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்தது. அந்த நவராத்திரிக்கே நான் வாங்கிவிட்டேன். சுமார் முப்பது லட்சம். 1979-ல் ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஒரு தகரப் பெட்டியுடன் வந்து இறங்கி, கரோல் பாக்கில் மூன்று பேருடன் ஒரு அறையைப் பங்கிட்டுக்கொண்டவனுக்கு அது சின்னத் தொகை இல்லை. ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. உண்மையைச் சொன்னால், வண்டி தேவைப்பட்டது என்பதைவிட, ஊரிலிருந்து வருகிறவர்களை ரயில் நிலையத்தில் அதில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும் என்ற ஆசைதான் பெரிதாக இருந்தது. அம்மா அடுத்த வருடம் வந்தாள். நிஜாமுதீன் தாண்டி வண்டி மின்சாரத்தில் நகர்ந்துகொண்டிருந்தபோது, "சத்தமே இல்லையேப்பா, ஓடுதா நிக்குதா?" என்று கேட்டாள். எனக்கு அந்த ஒரு கேள்விக்கே முப்பது லட்சம் தீர்ந்துவிட்டது.

அந்த வண்டிக்கு இப்போது பதின்மூன்றாவது வயது நடக்கிறது. 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஓய்வுக்குப் பிறகு ஓட்டம் குறைந்துவிட்டது; சென்ற வருடம் முழுவதும் சேர்த்து 3,800 தான். கோவில், கச்சேரி, டாக்டர், மாதம் ஒருமுறை ஐ.என்.ஏ. மார்க்கெட்.

இதற்கு இரண்டு தலைமுறை இளைய கேம்ரி 2024 டிசம்பர் 11-ல் வந்திருக்கிறது. விலை 48 லட்சம் என்று அறிவித்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகைக்கு 43 சதவீதமாக இருந்த வரி 40 ஆனதில் கொஞ்சம் குறைந்தது. ஆனாலும் சாலை வரி, காப்பீடு எல்லாம் சேர்த்து ஐம்பதைத் தாராளமாகத் தாண்டும். மகனின் வற்புறுத்தலில் போய் ஓட்டியும் பார்த்தேன். நல்ல வண்டி என்பதில் சந்தேகமே இல்லை. 230 குதிரைத் திறன், ஒன்பது ஏர்பேக், முன்னால் போகிற வண்டியைப் பார்த்துத் தானே வேகம் குறைக்கும் ராடார், சாய்ந்துகொள்ளும் பின் இருக்கை. லிட்டருக்கு 25.49 கிலோமீட்டர் என்று சான்றிதழ். ஷோரூம் பையன் எனக்கு "அங்கிள்" என்று ஏழு தடவை சொல்லி, இரண்டு தடவை காபி கொடுத்தான். திரும்பி வந்து என் வண்டியில் உட்கார்ந்தபோது, அது ஏதோ தெரிந்துகொண்ட மாதிரி இருந்தது. இதெல்லாம் பிரமை என்று எனக்கும் தெரியும்.

நிற்க. நம் ஊரில் இருப்பவர்களுக்கு இல்லாத ஒரு தொல்லை தில்லிவாசிகளுக்கு உண்டு. இங்கே காருக்கு ஆயுள் எழுதியிருக்கிறது. பெட்ரோல் வண்டிக்குப் பதினைந்து, டீசலுக்குப் பத்து. 2014-லும் 2015-லும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் உறுதிப்படுத்தியது. 2025 ஜூலை 1 முதல் வயது கடந்த வண்டிகளுக்குப் பெட்ரோல் பங்கில் எண்ணெய் ஊற்றக் கூடாது என்று காமிரா வைத்து ஆரம்பித்தார்கள். ஒரு வாரம் தாங்கவில்லை, ஒத்திவைத்தார்கள். ஆகஸ்ட் 12-ல் உச்ச நீதிமன்றம், வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்மீது கடும் நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பர் 17-ல் அதையே திருத்தி, இந்தப் பாதுகாப்பு பாரத் ஸ்டேஜ் 4-ம் அதற்குப் பிந்தியதுமான வண்டிகளுக்கு மட்டும் என்றது. என் கார் அந்த நான்காம் வகுப்பில் தேறியது. அதனால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று அர்த்தமில்லை. பிடிக்க மாட்டோம் என்பது வேறு, பதினைந்து முடிந்ததும் ஆர்.சி.யைப் புதுப்பித்துத் தருவது வேறு. என் வண்டிக்கு 2028 அக்டோபரில் கெடு.

இதிலுள்ள வேடிக்கையைப் பாருங்கள். இந்தக் கெடு தலைநகர் வட்டாரத்துக்கு மட்டும்தான். ஹரியானாவின் பல்வல் வரை என் வண்டி கிழம். அதே சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போய் மதுராவில் நுழைந்தால் குமரன். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட விதிப்படி, தலைநகர் வட்டாரத்துக்கு வெளியே இருபது வயது தாண்டிய காருக்குக்கூட 10,000 ரூபாய் கட்டிப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம். புகைக்கு பல்வல் எது, மதுரா எது?

தில்லிக் காற்றைப் பற்றி எனக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டாம். நவம்பரில் எங்கள் மயூர் விஹார் மாடியிலிருந்து எதிர்க்கட்டடம் தெரியாது. என் மனைவி இரண்டு குளிர்காலமாக இன்ஹேலர் வைத்திருக்கிறாள். விதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விதி தப்பான இடத்தில் அளக்கிறது என்கிறேன். பாரத் ஸ்டேஜ் 4 பெட்ரோல் கார் ஒரு கிலோமீட்டருக்கு வெளியிடலாம் என்று அனுமதித்த நைட்ரஜன் ஆக்ஸைடு 0.08 கிராம். இன்றைய ஸ்டேஜ் 6 டீசல் காருக்கு அனுமதி எவ்வளவு தெரியுமா? அதே 0.08 கிராம். பழைய பெட்ரோல் வண்டிக்கு வாசலைக் காட்டி, அதே அளவுள்ள புது டீசலுக்கு வாசலில் கோலம் போடுகிறோம். போதாக்குறைக்கு, 3,800 கிலோமீட்டர் ஓடுகிற என் வண்டிக்கும், வருடம் முப்பதாயிரம் ஓடுகிற வண்டிக்கும் ஒரே காலண்டர்.

அப்படியானால் பரிசோதித்துப் பார்த்து முடிவு செய்யலாமே என்பீர்கள். அதுதான் நியாயம். ஆனால் நம் புகைச் சான்றிதழ்ப் பரிசோதனையின் லட்சணம் எனக்குத் தெரியும். பெட்ரோல் வண்டிக்கு, நிற்கிற நிலையில் கார்பன் மோனாக்ஸைடும் ஹைட்ரோகார்பனும் மட்டும்தான் அளக்கிறார்கள். நைட்ரஜன் ஆக்ஸைடு பக்கமே போவதில்லை. என் வண்டியோ நின்றால் இஞ்சினை அணைத்துவிடும். ஒவ்வொரு தடவையும் அந்தப் பையன் குழாயைச் செருகிவிட்டு "ஸ்டார்ட் பண்ணுங்க" என்பான். நான் "ஸ்டார்ட்டில்தான் இருக்கிறது" என்பேன். இஞ்சின் தானாக விழித்துக்கொள்ளும்வரை இருவரும் காத்திருப்போம். இந்தப் பரிசோதனையைச் சரி செய்துவிட்டு, பதினைந்து வயதுக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்டிப்பாகச் சோதிக்கட்டும், தேறாததை மாயாபுரிக்கு அனுப்பட்டும். என் வண்டி தேறவில்லை என்றால் நானே ஓட்டிக்கொண்டு போய்க் கொடுப்பேன்.

வண்டியின் உடல்நிலையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஹைபிரிட்டுக்கு உயிர் பின் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் பெரிய பேட்டரி. 34 துண்டுகள் சேர்ந்தது அது. சென்ற கோடையில் ஒரு நாள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஒரு பணிமனையில் மொத்தத்தையும் மாற்ற வேண்டும் என்று, ஒரு பழைய சின்னக் காரே வாங்கிவிடக்கூடிய தொகையைச் சொன்னார்கள். எனக்கு வியர்த்துவிட்டது. கஷ்மீரி கேட் பக்கம் ஒரு சர்தார்ஜி மெக்கானிக் இருக்கிறார். அவர் இருக்கையைக் கழற்றி, பேட்டரிக்குக் காற்று போகிற விசிறியை எடுத்துக் காட்டினார். பன்னிரண்டு வருடத் தில்லிப் புழுதி கம்பளி மாதிரி படிந்திருந்தது. சூட்டில்தான் விளக்கு எரிந்திருக்கிறது. சுத்தம் செய்து, பலவீனமாக இருந்த இரண்டு துண்டுகளை மட்டும் மாற்றினார். "இது வைத்தியம்தான், மறுபிறவி இல்லை, மற்ற முப்பத்திரண்டும் அதே வயசு" என்று அவரே எச்சரித்தார். இவ்வளவு ஒளிவில்லாமல் என் சொந்த டாக்டர்கூடப் பேசியதில்லை.

பெட்ரோல் இன்னொரு கவலை. இப்போது கிடைப்பது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. பத்து சதவீதக் கலப்பை மனதில் வைத்துச் செய்த நாலு சக்கர வண்டிகளில் மைலேஜ் ஆறு ஏழு சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்லியிருந்தது. எனக்கு நகருக்குள் 14 கொடுத்தது 13 ஆகியிருக்கிறது. ரப்பர்க் குழாய்களை வருடம் ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறார் சர்தார்ஜி.

இனி கணக்கு. 3,800 கிலோமீட்டருக்கு என் வண்டி குடிப்பது சுமார் 290 லிட்டர். புது வண்டி நிஜத்தில் 19 கொடுத்தாலும் 200 லிட்டர் ஆகும். மிச்சம் 90 லிட்டர். இன்றைய விலையில் வருடத்துக்கு ஒன்பதாயிரம் ரூபாய்க்கும் கீழே. இதற்காக ஐம்பது லட்சத்தைச் செலவழித்தால், அந்தப் பணத்துக்கு 7 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால்கூட வருடம் மூன்றரை லட்சம் போகிறது. மாதம் ஏறக்குறைய முப்பதாயிரம். அந்தப் பணத்துக்கு தினமும் டாக்ஸியில் ஏறி, தில்லியிலுள்ள எல்லாக் கோவில்களையும் பார்த்துவிட்டு வரலாம். எரிபொருள் மிச்சம் என்ற பேச்சை மகனிடம் இதோடு முடித்துவிட்டேன்.

ஆனால் அவன் வைத்த இன்னொரு வாதத்துக்கு என்னிடம் உடனடி பதில் இல்லை. "அப்பா, உங்களுக்கு எழுபத்தொன்று. ராத்திரி கச்சேரி முடிந்து ரிங் ரோடில் எதிர் விளக்கு கண் கூசும்போது, தானே பிரேக் போடுகிற வண்டி வேண்டாமா?" என்றான். வேண்டும்தான். பாதுகாப்புக்கு விலை போட நான் தயாரில்லை. ஆனால் அந்த ராடார் என் கண் செய்ய வேண்டிய வேலையைச் செய்யுமென்றால், கண் அந்த நிலைக்கு வந்தவன் ராத்திரி ரிங் ரோடில் ஓட்டுவது சரியா? யோசித்தேன். மார்கழி முதல் இருட்டிய பிறகு நான் ஓட்டுவதில்லை; டாக்ஸிதான். இது மகனுக்கு நான் கொடுத்த பதில் இல்லை, தோற்றுப்போய் ஒப்புக்கொண்டது.

கும்பகோணத்தில் இருக்கும் தம்பியின் யோசனை வேறு. "அண்ணே, விக்காதீங்க, இங்க அனுப்பிருங்க. தடையில்லாச் சான்று வாங்கிட்டா இங்க இன்னும் பத்து வருஷம் ஓட்டலாம்" என்கிறான். உண்மைதான். அங்கே வாழ்நாள் வரி கட்ட வேண்டும், பதினைந்து முடிந்ததும் பசுமை வரி வரும். அவ்வளவுதான். தில்லி கழித்துவிட்ட வண்டிகள் லாரியில் ஏறி தெற்கே போவது இப்போது ஒரு வியாபாரமே ஆகிவிட்டது. ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. என் வண்டியின் புகை தில்லிக்குக் கெடுதல் என்றால் மகாமகக் குளக்கரைக்கு மட்டும் எப்படி நல்லது? கெடுதல் இல்லை என்றால் இங்கேயே ஓடட்டும். அதோடு, அந்தப் பெரிய பேட்டரியைப் பார்க்கத் தெரிந்த ஆளுக்கு அவன் சென்னைக்குத்தான் போக வேண்டும். தம்பிக்கு என்மீது வருத்தம். அண்ணன் பழைய வண்டியைக்கூடத் தர மாட்டேன் என்கிறானே என்று நினைத்திருப்பான்.

இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, இரண்டு பக்கமும் கூட்டிப் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியிடம் காட்டினேன். "மாற்ற வேண்டாம். 2028 வரை ஓட்டுவோம்" என்றேன்.

அவள் நோட்டைப் பார்க்கவே இல்லை. "அதுக்கப்புறம்?" என்றாள்.

"அதுக்கப்புறம் காரே வேண்டியிருக்காது. ஊருக்குப் போயிடலாம்."

"எந்த ஊருக்கு?"

நான் கும்பகோணம் என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஏங்க, நான் பிறந்தது கரோல் பாக். படிச்சது இங்க. எங்கப்பா காரியம் நடந்தது நிகம்போத் காட்டில. கும்பகோணம் உங்க ஊர். எனக்கு லீவுக்குப் போற ஊர். நான் எங்க 'திரும்பி' போறது?" என்றாள்.

நாற்பத்து மூன்று வருடக் குடும்பத்தில் இதை அவள் இப்படிச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஓய்வு பெற்ற நாளிலிருந்து என் மனதில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது: இந்த வண்டி இருக்கும்வரை தில்லி, வண்டி போனால் ஊர். புது வண்டி வாங்கினால் இன்னும் பதினைந்து வருடம் இங்கேதான் என்று கையெழுத்துப் போட்ட மாதிரி. அதனால்தான் ஷோரூமில் அவ்வளவு தயங்கினேன் என்பதுகூட அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. மகனும் அப்படித்தான். அப்பாவும் அம்மாவும் ஒரு புதுக் காரில் உட்கார்ந்திருந்தால், அவர்களைப் பற்றிய பெரிய கேள்வி ஒன்றைத் தள்ளிப்போடலாம் என்று அவனும் நினைத்திருக்கிறான்.

அன்பர்களிடம் நான் சொல்ல வந்தது இதுதான். நம் வயதுக்காரர் பலர் "கடைசிக் கார்" என்று ஒன்றை வாங்குகிறார்கள். எனக்குத் தெரிந்து ஒரு குடும்பம் புதுக் கார் எடுத்த ஆறாம் மாதம் கோயம்புத்தூருக்குக் குடிபோய், பாதி விலைக்கு அதை விற்றது. இன்னொருவர் எப்படியும் போகத்தானே போகிறோம் என்று சொல்லிச் சொல்லியே எட்டு வருடமாகப் புதுக் காரும் வாங்கவில்லை, ஒழுகுகிற கூரையும் மாற்றவில்லை. இன்னும் இங்கேதான் இருக்கிறார். இரண்டு வீட்டிலும் காரைப் பற்றி மணிக்கணக்காகப் பேசியிருப்பார்கள். எங்கே இருக்கப் போகிறோம் என்பதை வாய்விட்டுப் பேசியிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம். எங்கள் வீட்டில் பேசவில்லை, அதனால் சொல்கிறேன். மனைவியைக் கேட்காமல் "நாங்கள் ஊருக்குப் போகப்போகிறோம்" என்று சங்கக் கூட்டத்தில் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

புதுக் கார் வாங்குவது தப்பு என்று நான் வாதாடவில்லை. நாள்தோறும் குருகிராமுக்கு ஓடுகிறவர், முதுகுவலிக்காரர், வேலையில் இருப்பவர், தாராளமாக வாங்கலாம். டீசல் வைத்திருப்பவர்கள் நிலைமை என்னுடையதைவிட மோசம். அவர்கள் காத்திருக்கக் காத்திருக்க நஷ்டம்தான். என் வண்டிக்கே ஒரு தரகர் இப்போது நான்கு லட்சம் தருவதாகவும், 2028-ல் கிலோ கணக்கில்தான் எடைபோட வேண்டும் என்றும் சொல்கிறார். அந்த நான்கு லட்சத்தை இழக்கத் தீர்மானித்துவிட்டேன். இரண்டரை வருட யோசனைக்கு அது கட்டணம் என்று எழுதிக்கொண்டேன்.

யோசனைக்கு ஒரு வழியும் மனைவிதான் சொன்னாள். வரும் ஐப்பசியிலிருந்து தை வரை கும்பகோணத்தில் தம்பி வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து இருந்து பார்ப்பது. தில்லியில் புகை, அவளுடைய மூச்சுக்கு ஆகாத மாதங்கள். "அங்க அப்போ அடைமழை, கொசு வேற. அதுல இருந்து பாத்தாத்தான் தெரியும். கோடையில போய் நுங்கு சாப்பிட்டுட்டு முடிவு பண்ணாதீங்க" என்கிறாள். தை முடிந்ததும், அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் திரும்பி வந்து தாழ்வாக இல்லாத, அவள் முழங்காலுக்கு ஏற்ற, சின்ன மின்சாரக் கார் ஒன்றைப் பார்ப்பதாக ஒப்பந்தம். பிடித்துவிட்டால் என்ன என்று நான் கேட்டேன். அதை அப்போது பேசிக்கொள்ளலாம் என்றாள்.

ரயிலுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். கேம்ரியை நான்கு மாதம் சும்மா நிறுத்தினால் பேட்டரி போய்விடும். கீழ்வீட்டுப் பஞ்சாபி வாரம் இரண்டு முறை அரைமணி நேரம் ஓட விடுவதாக ஏற்றிருக்கிறார். அவருக்குச் சாவியைக் கொடுத்து ஒத்திகை பார்த்தோம். பட்டனை அழுத்திவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு, "ஸ்டார்ட் ஆகிவிட்டதா இல்லையா?" என்று என்னைக் கேட்டார்.